உயிருள்ள பாதுகாவலர், ஒன்றுக்குக் குறையாமல்

எங்கள் லிபோவியார் ஊராட்சியில் ஒன்பது துறைகளும் பதினான்கு குழுக்களும் இருக்கின்றன. குழுக்கள் சரியாக நடக்கின்றனவா என்று பார்க்க இன்னொரு குழுவும் இருக்கிறது. இவ்வளவு பேர் பேசும் ஊரில் மைக் செட் வைத்திருப்பவன் நான். பெயர் யூஹிம். பண்பாட்டு மாளிகையில் முப்பத்தோரு வருடமாக இந்த வேலை. உரை நீண்டால் மற்றவர்கள் பின்வாசல் வழியாக நழுவிவிடலாம். நான் வயரைச் சுருட்டும்வரை இருந்தாக வேண்டும். அந்த எரிச்சலில்தான் இதைச் சொல்கிறேன் என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும், அது உண்மைதான்.

ஆகஸ்ட் மாதமே மாவட்டத்திலிருந்து படிவம் வந்துவிட்டது. அக்டோபர் ஒன்றாம் தேதி, நாட்டின் பாதுகாவலர் தினத்தை ஒவ்வொரு ஊராட்சியும் மனமுவந்து கொண்டாட வேண்டும். மனமுவந்ததற்கான அறிக்கையை மூன்றாம் தேதிக்குள் அனுப்ப வேண்டும். புகைப்படங்கள்: பன்னிரண்டுக்குக் குறையாமல். தலைவர் உரை: இருபது நிமிடத்துக்குக் குறையாமல். உயிருள்ள பாதுகாவலர்: ஒன்றுக்குக் குறையாமல்.

'உயிருள்ள' என்ற சொல் இந்த வருடம் புதிதாகச் சேர்ந்தது. போன வருடம் ஏதோ ஓர் ஊராட்சி அட்டையில் வெட்டிய வீரனை நிறுத்திப் படம் எடுத்து அனுப்பிவிட்டதாம்.

எங்களிடம் பாதுகாவலர்கள் இல்லாமலில்லை. இருநூற்றுப் பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள், ஆனால் அத்தனை பேரும் போர்முனையில். அவர்களிடம் உள்ள ஒரே குறை அதுதான். தங்களுக்கு மரியாதை செய்யும் நாளில்கூடப் பாதுகாத்துக்கொண்டே இருக்கிறார்கள். காயம்பட்டுத் திரும்பிய பதினோரு பேர் ஊரில் இருந்தார்கள். போன வருடம் அவர்களை மூன்று மணி நேரம் நிற்க வைத்ததால், இந்த வருடம் பதினோரு பேரும் ஒற்றுமையாக மீன் பிடிக்கப் போய்விட்டார்கள். எந்த ஏரி என்று அவர்கள் வீட்டில்கூடச் சொல்ல மறுத்தார்கள்.

இந்த நிலையில்தான், விழாவுக்கு இரண்டு நாள் முன்னால், ஞாயிற்றுக்கிழமை காலை, என் பக்கத்து வீட்டு செவெரின் விடுமுறையில் வந்து இறங்கினான். போருக்கு முன்னால் டிராக்டர் மெக்கானிக். இப்போது போர்முனையில் அடிபட்ட வண்டிகளை இழுத்துவந்து பழுது பார்க்கிறவன். வயது முப்பத்து நான்கு. வந்ததும் வராததுமாக வேலியருகே நின்றான்.

"மாமா, அஞ்சு நாள் லீவு. அதுல வர்ற வழியிலயே ரயில்ல பாதி போச்சு. செவ்வாக்கிழமை மூணு மணி பஸ்ஸப் புடிச்சே ஆகணும்."

"அதுக்குள்ள என்னடா வேலை? கூரையா, அடுப்பா?"

"ஒரே ஒரு வேலைதான். உஸ்தினாவக் கேக்கணும்."

உஸ்தினா எங்கள் பண்பாட்டு மாளிகையில் வேலை பார்க்கிறவள். இருவரும் இரண்டு வருடமாகப் போனில் எழுதிக்கொள்கிறார்கள் என்பது ஊரறிந்த விஷயம். எதைப் பற்றி எழுதுகிறாய் என்று ஒருமுறை கேட்டேன். வானிலை என்றான். இரண்டு வருடம், வானிலை மட்டும்.

"போன்லயே கேட்டிருக்கலாமே?"

"போன்ல கேக்குற விஷயமா மாமா அது? முறையாக் கேக்கணும். ரெண்டு பெரியவங்கள முன்னாடி அனுப்பி. ஒருத்தர் நீங்க. இன்னொருத்தரத்தான் தேடணும். இல்லைன்னா நானே தனியாக் கேட்டுடறேன். ஒரு நிமிஷம் போதும்."

"அவ பண்பாட்டுத் துறையில இருக்கா தம்பி. ஒரு நிமிஷத்துக்கு மூணு பேர் கையெழுத்து வேணும்" என்றேன். அவன் சிரித்தான். நான் வேடிக்கைக்குச் சொன்னேன் என்று நினைத்துவிட்டான்.

எங்கள் பக்கத்தில் பெண் கேட்பது எளிதான காரியம். பெரியவர்கள் வந்து உட்காருவார்கள். பெண்ணுக்குச் சம்மதம் என்றால் பூவேலைத் துண்டை எடுத்து அவர்கள் தோளில் குறுக்காகக் கட்டிவிடுவாள். சம்மதமில்லை என்றால் ஒரு பூசணிக்காயைத் தூக்கிப் பையன் கையில் கொடுத்துவிடுவாள். வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. பையன் காயைச் சுமந்துகொண்டு வீடுவரை நடப்பான், ஊர் வேலியோரம் நின்று பார்க்கும். இருபத்து மூன்று வயதில் நானும் ஒன்று சுமந்திருக்கிறேன். எட்டு கிலோ. இன்றுவரை எனக்குப் பூசணிக் கஞ்சி இறங்குவதில்லை.

திங்கட்கிழமை காலை செவெரின் சட்டையெல்லாம் தேய்த்துப் போட்டுக்கொண்டு உஸ்தினாவைப் பார்க்கப் பண்பாட்டு மாளிகைக்கு வந்தான். அவளுக்கு முன்னால் அவனைப் பார்த்தது ஸினாயிதா மார்கிவ்னா. பண்பாட்டுத் துறையின் தலைவி. பத்தொன்பது வருடப் பணிக்காலத்தில் ஒரு படிவத்தைக்கூடத் தாமதமாக அனுப்பாதவர். சீருடையைக் கண்டதும் கையிலிருந்த தேநீரைக் கீழே வைத்துவிட்டார்.

"நில்லுங்க! நீங்க உயிரோட இருக்கீங்களா?"

"இருக்கேங்க."

"லிபோவியார்தானா?"

"இங்கதாங்க பொறந்தேன்."

"பொறந்தத யாரு கேட்டா? பதிவு இருக்கா?"

பதிவு இருந்தது. ஸினாயிதா மார்கிவ்னா நெஞ்சில் கைவைத்து ஒருமுறை கண்ணை மூடித் திறந்தார். பிறகு, அவன் பாதுகாவலர்தான் என்பதற்கு ஒரு சான்று வேண்டும் என்றார்.

"ராணுவ அட்டை இருக்குங்க."

"அது ராணுவம் குடுத்தது. நீங்க பாதுகாவலர்னு நாங்கல்ல சொல்லணும்?"

நான்காம் அறைக்குப் போனான். நான்காம் அறையில், அவன் தற்சமயம் போர்முனையில் இருக்கிறான் என்பதற்கு ஆதாரம் கேட்டார்கள். "நான் இங்கதானே நிக்கிறேன்" என்றான். "அதுதாங்க சிக்கலே" என்றார் அங்கிருந்த பெண்மணி, உண்மையான வருத்தத்தோடு. ஏழாம் அறைக்கு அனுப்பினார்கள். அது மதிய உணவுக்கு மூடியிருந்தது. பாதுகாவலர்களுக்கு விரைந்து சேவை செய்வது எப்படி என்ற கூட்டத்துக்கு ஒன்பதாம் அறைக்காரர் போயிருந்தார். கடைசியில் செவெரின் வெறுத்துப்போய்த் தன் கமாண்டருக்கே போன் போட்டான். பின்னணியில் ஏதோ அதிர, அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். இரண்டு நிமிடத்தில் ஒரு செய்தி வந்தது. 'இவன் என் ஆள். முழுசாகத் திருப்பி அனுப்புங்கள்.'

அதை அச்சடித்து, முத்திரை குத்தி, பைலில் சேர்த்தார்கள். இவ்வளவு தெளிவான சான்றை நான் பார்த்ததே இல்லை என்று நான்காம் அறைப் பெண்மணி மெச்சிக்கொண்டார்.

மாலை மூன்று மணிக்கு அந்தப் பைல் கடைசி மேசைக்கு வந்து சேர்ந்தது. அது உஸ்தினாவின் மேசை. அன்றைக்கு முதல்முறையாக அவன் அவளுக்கு எதிரே உட்கார்ந்தான். நான் அங்கே மின்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, இல்லாத ஒரு பழுதைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"உஸ்தினா, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

"நான் கேட்டு முடிச்சிடறேன், அப்புறம் நீ கேளு. பேரு தெரியும். அப்பா பேரு தெரியும். ரத்த வகை?"

"ஏ பாசிட்டிவ்."

"பூட்ஸ் அளவு?"

"நாப்பத்தி மூணு. எதுக்கு?"

"எதுக்குன்னு யாருக்கும் தெரியாது. குடும்ப நிலை?"

"அதத்தான் கேக்க வந்தேன்."

உஸ்தினாவின் விரல்கள் விசைப்பலகையில் அப்படியே நின்றுவிட்டன. காது நுனிகூடச் சிவந்துவிட்டது. "உஸ்தினா! கொடிக்கயிறு எங்க? எல்லாரும் ஒத்திகைக்கு வாங்க!" என்று மாடியிலிருந்து ஸினாயிதா மார்கிவ்னாவின் குரல் வந்தது. அவள் எழுந்து ஓடினாள். படிவத்தில் அந்தக் கட்டம் காலியாகவே நின்றது.

ஒத்திகையை ஊராட்சித் தலைவர் வலெரியான் பெத்ரோவிச்சே நேரில் நடத்தினார். மேடையில் சுண்ணக்கட்டியால் ஒரு பெருக்கல் குறி போட்டு அதன்மேல் செவெரினை நிறுத்தினார்கள். தலைவர் நாற்காலியில் உட்கார்ந்து விளக்கினார்.

"தம்பி, மூணாவது பத்தியில 'உங்கள் தியாகம்'னு சொல்வேன். அப்ப நீங்க கீழ பாக்கணும். அஞ்சாவது பத்தியில 'எங்கள் நன்றி'ன்னு வரும். அப்ப மேல பாக்கணும். மேலன்னா, என்னை."

"நான் எப்பங்க உக்காரலாம்?"

தலைவர் ஸினாயிதா மார்கிவ்னாவைப் பார்த்தார். அவர் நிகழ்ச்சி நிரலைப் பார்த்தார். "உக்கார்றது இதுல இல்ல" என்றார்.

செவெரின் அதிகம் சிரிக்கிறான் என்று ஒரு குழு குறை சொன்னது. மிகவும் சோர்வாகத் தெரிகிறான், பார்ப்பவர்களுக்கு நம்பிக்கை வராது என்று இன்னொரு குழு சொன்னது. அவன் சீருடை வெளுத்திருந்ததால் நாடகக் குழுவின் அலமாரியிலிருந்து சரிகை வைத்த ஒரு கோட்டை எடுத்துவந்தார்கள். அதோடு ஒரு மரவாளும் வந்தது. "அவர் உடையிலேயே நிக்கட்டும். இல்லைன்னா மாவட்டத்துல இது நாடகம்னு நெனச்சிருவாங்க" என்று உஸ்தினா சொன்னாள். அந்த வாதம் எடுபட்டது. அவன் அவளை நன்றியோடு பார்த்தான். மேல பாருங்க, மேல, என்று தலைவர் திருத்தினார்.

கடைசியில் ஊராட்சியின் பரிசு. அதை விழாவன்றுதான் காட்டுவார்களாம். ஒத்திகைக்கு நூலகத்திலிருந்து உலக உருண்டையைக் கொண்டுவந்தார்கள். உஸ்தினா உலகத்தைத் தூக்கி அவன் கையில் கொடுத்தாள். இருவர் விரல்களும் அந்தப் பக்கம் பெருங்கடலில் தொட்டுக்கொண்டன. "உஸ்தினா" என்று ஆரம்பித்தான். "ஒத்திகையில் பேசக் கூடாது!" என்றார் ஸினாயிதா மார்கிவ்னா. அப்புறம் அவளை மாலை கட்ட இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணி. தினமும்போலச் சதுக்கத்தில் எல்லாம் நின்றது. ரொட்டி வாங்க வந்தவர்கள், சைக்கிள்காரர்கள், மீன் பிடித்துவிட்டுத் திருட்டுத்தனமாகத் திரும்பிய பதினோரு பேர், போரில் போனவர்களின் பெயர்களை மனதில் சொல்லிக்கொண்டு ஒரு நிமிடம் பேசாமல் நின்றார்கள். செவெரினும் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். இதற்கு ஒத்திகை கிடையாது, படிவம் கிடையாது. எங்கள் ஊரில் ஒரு நொடிகூடப் பிசகாமல் நடக்கும் நிகழ்ச்சி இது ஒன்றுதான். அந்த ஒரு நிமிடத்தில் எனக்கு யார்மேலும் எரிச்சல் வருவதில்லை.

ஒன்பது மணி இரண்டாவது நிமிடம் விழா ஆரம்பித்துவிட்டது. கிடைத்த ஒரு பாதுகாவலரும் காணாமல் போய்விடக் கூடாது என்று செவெரினை உடைமாற்றும் அறையில் வைத்துப் பூட்டினார்கள். மரியாதையாகத்தான் பூட்டினார்கள், உள்ளே பூங்கொத்து வைத்திருந்தார்கள். உரையின்போது ஒலிக்கக் கூடாது என்று அவன் போனை வாங்கி, உறையில் போட்டு, அரக்கு வைத்தார்கள்.

நான் மேடையடியில் வயரை ஒட்டிக்கொண்டிருந்தேன். மேலே இரண்டு பெண்கள் சண்டை போடுவது கேட்டது.

"ஸினாயிதா மார்கிவ்னா, இது பூசணிக்காய்."

"இல்ல. பதினஞ்சாவது உருப்படியப் படி. 'அறுவடைச் சின்னம், உள்ளூர் விளைச்சல், ஒன்று.' தலைவரே தேர்ந்தெடுத்தது."

"ஒரு பொண்ணு ஒரு பையன் கையில இதக் குடுத்தா என்ன அர்த்தம்னு உங்களுக்குத் தெரியாதா?"

"எந்தப் பொண்ணு? குடுக்கறது ஊராட்சி. நீ ஊராட்சியோட கை."

"அப்ப தலைவரே தன் கையால குடுக்கட்டும்!"

"ஒம்போது கிலோ. அவருக்கு இடுப்பு வலி."

"அவர்கிட்டயாவது முன்னாடியே சொல்லிடறேனே?"

"சொல்லவே கூடாது. இந்தா பாரு, 'பாதுகாவலர் வியப்படைதல், பத்து நொடி.' சொல்லிட்டா எப்படி வியப்படைவார்?"

உஸ்தினா விறுவிறுவென்று கீழே இறங்கி என்னிடம் வந்தாள். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. "மாமா, அவன் என்னை என்ன கேக்க வந்தான்?"

"எனக்கெப்படித் தெரியும்?" என்றேன். அவன் தன் வாயால் கேட்கும்வரை சொல்லமாட்டேன் என்று செவெரினுக்கு வாக்குக் கொடுத்திருந்தேனே.

"உங்களுக்குப் பொய் சொல்லவே வரல" என்றாள். "அந்தக் காய அவன் கையில வச்சா, அவன் என்ன நெனப்பான்? மூணு மணிக்கு பஸ். திரும்பிப் போறப்ப அதத்தான் நெனச்சிட்டே போவான். அங்க போயும் அதத்தான் நெனப்பான்."

அங்கே நினைப்பு ஒரு பக்கமும் கை ஒரு பக்கமும் இருந்தால் என்ன ஆகும் என்று எங்கள் ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பதினோரு மணிக்கு வரவேண்டிய மாவட்டத் துணைத்தலைவர் ஹென்னாதி ரொமானோவிச் பன்னிரண்டே முக்காலுக்கு வந்தார். பூவேலைத் துண்டில் ரொட்டியும் உப்பும் ஏந்தி வரவேற்றார்கள். அவர் ரொட்டியின் ஓரத்தில் ஒரு பருக்கையளவு பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார். மேடைக்கு மேலே 'அக்டோபர் 14' என்ற பழைய பலகை தொங்கியது. விழாவைப் பதினாலிலிருந்து ஒன்றாம் தேதிக்கு மாற்றி இது இரண்டாவது வருடம். புதிய பலகைக்கு இன்னும் ஒப்புதல் வரவில்லை. அதனால் நாலின்மேல் சிவப்புப் பழக்கொத்து ஒன்றைக் கட்டி மறைத்திருந்தார்கள். காலையிலிருந்து காத்திருந்ததில் சிட்டுக்குருவிகள் பழத்தை முக்கால்வாசி தின்றுவிட்டன. ஹென்னாதி ரொமானோவிச் நிமிர்ந்து பலகையைப் பார்த்தார். "நாம ரொம்ப சீக்கிரம் வந்துட்டமா?" என்று உதவியாளரிடம் கேட்டார்.

செவெரினைத் திறந்துவிட்டு, குறியின்மேல் நிறுத்தினார்கள். தலைவர் உரையைத் தொடங்கினார்.

"அன்பார்ந்த மக்களே! பாதுகாவலர்கள் இல்லாமல் இந்த விழா இல்லை. ஆனாலும், அவர்கள் யாரும் இல்லாமலேயே இந்த விழாவை நாம் பலமுறை வெற்றிகரமாக நடத்திக் காட்டியிருக்கிறோம்! அவர்கள் அங்கே பதுங்குகுழி வெட்டுகிறார்கள் என்றால், நாம் இங்கே பதுங்குகுழி பற்றி நான்கு தீர்மானங்கள் போட்டிருக்கிறோம். யாருடைய உழைப்பு பெரிது என்று நான் ஒப்பிட மாட்டேன். அதை வரலாறு ஒப்பிடட்டும்."

செவெரின் மூன்றாவது பத்தியில் கீழே பார்த்தான். ஐந்தாவது பத்தியில் மேலே பார்க்கவில்லை, மாதாகோவில் கடிகாரத்தைப் பார்த்தான். மணி ஒன்றரை.

பிறகு ஹென்னாதி ரொமானோவிச் எழுந்தார்.

"இந்த வாரத்தில் இவர் எனக்கு ஏழாவது பாதுகாவலர். எல்லோரிடமும் நான் கண்டது ஒன்றே ஒன்று. பொறுமை! மணிக்கணக்காக நிற்கிறார்கள். ஒருவர்கூட இதுவரை என் உரையை இடைமறித்ததில்லை. இப்படிப்பட்டவர்களை எந்த எதிரியால் வெல்ல முடியும்? நானே சில சமயம் நினைத்துக்கொள்வேன், நான் பேசி முடிக்கும்வரை நிற்கிறவனுக்கு மற்றதெல்லாம் ஒரு..."

இந்த இடத்தில் ஊராட்சிக் கூரையிலிருந்து விமான அபாயச் சங்கு ஊதியது. எல்லோருடைய பையிலும் போன் அலறியது. மேடையிலிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள், பிறகு நிரலைப் பார்த்தார்கள். செவெரின் எதையும் பார்க்கவில்லை. குறியை விட்டுக் குதித்து இறங்கினான். "பெரியவங்க முன்னாடி! பள்ளிக்கூட நிலவறை! ஓட வேண்டாம், வேகமா நடங்க!" என்றான். ஊன்றுகோல் வைத்திருந்த ஒருவரை ஒரு கையிலும், அவர் நாற்காலியை மறு கையிலும் தூக்கிக்கொண்டான்.

"பாதுகாவலரே! உங்க இடத்த விட்டு நகராதீங்க!" என்று கத்தினார் ஸினாயிதா மார்கிவ்னா.

நான்கு நிமிடத்தில் எண்பது பேர் நிலவறையில் இருந்தார்கள். அதுவரை நடந்த விழாவிலேயே ஒழுங்காக நடந்த பகுதி அதுதான்.

ஆனால் அறிக்கைக்கு இன்னும் ஏழு புகைப்படங்கள் குறைந்தன. மாவட்டத் துணைத்தலைவர் இருக்கும்போதே முடித்தாக வேண்டும். ஸினாயிதா மார்கிவ்னா நிலவறையிலும் வரிசை பிரித்தார். முதல் பெஞ்சில் தலைமை, இரண்டாவதில் குழுக்கள், மற்றவர்கள் பள்ளியின் ஊறுகாய் ஜாடிகள் பக்கம். வரவேற்பு ரொட்டியும் பரிசு மேசையும்கூட அவர் சொல்படி கீழே வந்திருந்தன. சிமெண்டுத் தரையில் சுண்ணக்கட்டியால் ஒரு பெருக்கல் குறி போட்டார். மின்சாரமும் போயிற்று. ஹென்னாதி ரொமானோவிச் டார்ச் வெளிச்சத்தில் விட்ட வரியைத் தேடிப் பிடித்து, "...ஒரு பொருட்டே அல்ல" என்று தொடர்ந்தார். இரண்டேகால் மணிவரை பேசினார்.

"பதினஞ்சாவது உருப்படி!" என்று ஸினாயிதா மார்கிவ்னா அறிவித்தார். "அறுவடைச் சின்னம்!"

உஸ்தினா பூவேலை போட்ட சட்டையில், துணி மூடிய ஒரு பொருளோடு எழுந்து வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. தலைவர் துணியை விலக்கினார். எங்களோடு இறங்கியிருந்த மூன்று மணி பஸ் ஓட்டுநரின் டார்ச் நேராக அதன்மேல் விழுந்தது. ஆரஞ்சு நிறம், ஒன்பது கிலோ, காம்போடு.

ஜாடிகள் பக்கம் ஒரு பெண்மணி "ஐயோ என் தாயே" என்றாள். செவெரினின் கை தன்னையறியாமல் நீண்டு காயை வாங்கிக்கொண்டது. பத்து நொடி வியப்படையச் சொல்லியிருந்தார்கள். அவன் முழுதாக அரை நிமிடம் எடுத்துக்கொண்டான். என் பழைய எட்டு கிலோ என் கையிலேயே கனத்தது.

"உஸ்தினா" என்றான் மெதுவாக. "நான் இன்னும் கேக்கவே இல்லையே?"

"கேக்குறதுக்கு முன்னாடியே பதிலு!" என்று பஸ் ஓட்டுநர் கூவினார். "நம்ம ஊராட்சி இவ்வளவு சீக்கிரமா எந்த மனுவுக்குய்யா பதில் சொல்லிருக்கு!"

நிலவறை குலுங்கிச் சிரித்தது. உஸ்தினா சிரிக்கவில்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது ஊராட்சி குடுத்தது. நான் குடுக்கல. இப்பக் கேளு."

"நிரல்ல அப்படி ஒண்ணு கிடையாது!" என்றார் ஸினாயிதா மார்கிவ்னா.

"இருக்கு. பதினாறாவது உருப்படி. 'பாதுகாவலர் மறுமொழி, ஒரு நிமிடம்.'"

ஸினாயிதா மார்கிவ்னா காகிதத்தை டார்ச்சருகே கொண்டுபோய்ப் பார்த்தார். இருந்தது. நிரலில் இருந்தால் அவர் கடவுளையே குறுக்கிட விடமாட்டார். "ஒரு நிமிஷம்" என்று கைக்கடிகாரத்தைப் பிடித்தார்.

செவெரின் காயை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, அவருடைய துறை எழுதிக்கொடுத்த தாளைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தான். "எங்களை என்றும் மறவாத ஊராட்சித் தலைமைக்கு..." என்று படித்தான். நிறுத்தினான். தாளை மடித்து மறுபடி பையில் வைத்துக்கொண்டான்.

"மாமா, மைக் வேலை செய்யுதா?"

"கரண்ட் இல்லடா. தொண்டையால பேசு."

"உஸ்தினா, ரெண்டு வருஷமா அங்க மழையா, பனியான்னு உன்னக் கேட்டுட்டே இருந்தேன். மழையப் பத்தி எனக்கென்ன கவலை? நீ எழுதறியான்னுதான் பாத்தேன். அங்க பயப்பட எவ்வளவோ இருக்கு. ஆனா இந்த ஒரு கேள்விக்குப் பயந்த மாதிரி நான் எதுக்கும் பயந்ததில்ல. என்னைக் கட்டிக்கிறியா? மிச்சம் இருக்கற நேரம் உன்னோடது."

"இருபத்திரெண்டு நொடி மிச்சம்" என்றார் ஸினாயிதா மார்கிவ்னா.

உஸ்தினா அவன் கையிலிருந்து பூசணிக்காயை வாங்கினாள். நேரே நடந்து, அதைத் தலைவர் வலெரியான் பெத்ரோவிச்சின் மடியில் வைத்தாள்.

"ஐயோ, இடுப்பு!" என்றார் தலைவர்.

"ஒப்படைப்புப் பத்திரத்துல கையெழுத்தாயிடுச்சே! திருப்பி வாங்க முடியாதே!" என்றார் ஸினாயிதா மார்கிவ்னா.

உஸ்தினா கேட்டுக்கொள்ளவில்லை. வரவேற்பு ரொட்டிக்கு அடியிலிருந்த துண்டை உருவினாள். ஹென்னாதி ரொமானோவிச்சின் தோளில் குறுக்காகப் போட்டு இடுப்பில் முடிந்தாள். அவர் அதைத் தனக்கான கௌரவம் என்றே எடுத்துக்கொண்டு எழுந்து, "இந்த மரியாதையை நான் எதிர்பார்க்கவில்லை" என்று ஆரம்பித்தார். அதற்குள் பரிசு மேசையில் விரித்திருந்த இரண்டாவது துண்டை எடுத்துத் தலைவருக்கும் கட்டிவிட்டாள். அவர் மடியில் ஒன்பது கிலோ இருந்ததால் எழுந்து தப்பிக்க முடியவில்லை. கடைசியில் தன் கழுத்துக்குட்டையை அவிழ்த்து செவெரினின் மணிக்கட்டில் கட்டினாள். அந்த முடிச்சு போட ரொம்ப நேரம் ஆயிற்று.

நிலவறை ஆர்ப்பரித்தது. மீன் பிடிக்கப் போன பதினோரு பேரும் ஜாடி மூடிகளைத் தட்டினார்கள். உஸ்தினா ரொட்டியைப் பிய்த்து எல்லோருக்கும் கொடுத்தாள், உப்போடு.

"ஹென்னாதி ரொமானோவிச்!" என்று பஸ் ஓட்டுநர் கூவினார். "இனிமே நீங்கதான் மாப்பிள்ளைக்குப் பெரியவரு! கல்யாணத்துல முதல் ஆட்டம் உங்களுது!"

ஹென்னாதி ரொமானோவிச் தோளில் கிடந்ததைக் குனிந்து பார்த்தார். "இது என் அட்டவணையில இருந்துச்சா?" என்று உதவியாளரிடம் கேட்டார்.

செவெரின் கேட்டுக்கொண்ட பெரியவன் நான்தான். என் தோளில் கிடந்தது மைக் வயர். இதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய்.

"மணி மூணாகப் போகுது, பஸ்!" என்று செவெரின் திடுக்கிட்டான்.

"எங்கய்யா போகும்? ஓட்டறவன் இங்க ரொட்டி தின்னுட்டிருக்கேன்" என்றார் ஓட்டுநர்.

மூன்றேகாலுக்கு அபாயம் நீங்கியதாகச் சங்கு ஊதியது. எண்பது பேரும் பஸ்வரை நடந்தோம். துண்டு கட்டியவர்கள் வீடு திரும்பும்வரை அவிழ்க்கக் கூடாது என்பதால் மாவட்டத் துணைத்தலைவரும் தலைவரும் அதோடேயே நடந்தார்கள். தலைவர் கையில் காயும் இருந்தது. யாரிடம் கொடுப்பது என்று நிரலில் இல்லை. பஸ் நகரும்போது ஸினாயிதா மார்கிவ்னா பைலையும் அரக்கு வைத்த போன் உறையையும் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

"நிறுத்துங்க! குடும்ப நிலை காலியா இருக்கு! இப்படியே வச்சா பைல மூட முடியாது!"

செவெரின் ஜன்னல் வழியாகக் குனிந்து, குட்டை கட்டிய கையால் எழுதினான். என்ன எழுதினான் என்று எல்லோரும் எட்டிப் பார்த்தோம். 'உஸ்தினாவுடையவன்' என்று எழுதியிருந்தான். அப்படி ஒரு வகை அந்தப் படிவத்தில் கிடையாது. ஸினாயிதா மார்கிவ்னா பைலை மூடினார்.

பன்னிரண்டு புகைப்படங்களோடு அறிக்கை மூன்றாம் தேதியே போய்விட்டது. ஒன்பதில் தலைவர் பூசணிக்காயோடு இருந்தார். அன்று வீட்டு வாசலிலேயே அவர் மனைவி, "இந்த வயசுல யாரைக் கேக்கப் போனீங்க?" என்று கேட்டதாக ஊரில் பேச்சு.

மூன்றாவது வாரம் மாவட்டத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. கூடவே அடுத்த வருடத்துக்கான திருத்திய படிவமும் வந்தது. உயிருள்ள பாதுகாவலர்: ஒன்றுக்குக் குறையாமல். நிச்சயதார்த்தம்: ஒன்றுக்குக் குறையாமல். முன்னோடி ஊராட்சியான லிபோவியாருக்கு மட்டும் கூடுதலாக ஒரு வரி. திருமணம், ஒன்று. திட்டமிட்ட தேதியைக் குறிப்பிடவும்.

உஸ்தினா தேதிக் கட்டத்தின் முன் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு 'செவெரின் வரும் நாள்' என்று எழுதி, ஸினாயிதா மார்கிவ்னாவின் மேசையில் வைத்தாள். நான் மின்பெட்டியைத் திறந்தேன். தேதியில்லாமல் ஒரு படிவம்கூட அந்த அறையை விட்டு வெளியே போனதில்லை.

ஸினாயிதா மார்கிவ்னா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, அந்த வரியை இரண்டு முறை படித்தார்.

"ஒரு சொல்லு குறையுது" என்றார்.

தன் பேனாவை எடுத்து, 'செவெரின்' என்பதற்கும் 'வரும்' என்பதற்கும் நடுவில், மேலே ஒரு சின்ன அம்புக்குறி போட்டு, 'முழுசாக' என்று எழுதினார். பிறகு முத்திரையை எடுத்து வாயால் ஒருமுறை ஊதி, அழுத்திக் குத்தினார்.